பாட்டிக்கு என்ன பிடிக்கும்?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 38 வயது. பட்டர்வொர்த்தில் கணவருடனும் ஏழு வயது மகளுடனும் வசிக்கிறேன். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். என்னை வளர்த்த பாட்டி, என் அம்மாவைப் பெற்றவர், 2024 பிப்ரவரி மாத இறுதியில் தூக்கத்திலேயே காலமானார். ஓராண்டு நிறைந்து மேலும் இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. நாளாக ஆகத் துக்கம் குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ அழுகை குறைந்ததே தவிர, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாட்டி 1937-இல், நிபோங் திபாலுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், அவருடைய அப்பாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அழைத்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆறு வயதில் தகப்பனை இழந்த பாட்டி, பதினான்கு வயதில் தன் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போய், பதினெட்டு வயதில் திருமணமாகி, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, கடைக்குட்டிக்கு மூன்று வயது இருக்கும்போது கணவரையும் பறிகொடுத்தார். அதன் பிறகு தனியாளாக நின்று ஐவரையும் ஆளாக்கினார். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, சோறு வடித்து, சின்னப் பிள்ளைகளை இருட்டோடு இருட்டாக ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பாராம். மூத்தவரான பெரிய மாமா கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாராம். அந்த மாமாவை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைப்பதற்காகக் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார் என்பதும், அதை மீட்கவே முடியவில்லை என்பதும் எங்கள் குடும்பத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை.

1992-இல், 55 வயதில் வேலையை விட்டுவிட்டு, நாங்கள் இருந்த மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பா லாரி ஓட்டினார். அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். எனக்குத் தலை பின்னிவிட்டதும், தமிழ்ப்பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனதும், காய்ச்சல் வந்தால் நெஞ்சில் கோடாலித் தைலம் தடவி இரவெல்லாம் விழித்திருந்ததும் பாட்டிதான். என் சமையலும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். மரவள்ளிக் கிழங்கை மட்டும் அவர் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அன்போடு அவித்துக் கொடுத்தாலும், வாங்கி அப்படியே மாடியின் கீழே இருந்த மலாய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

வேலையை விட்ட பிறகும் நான்கரை மணிக்கே எழுந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கோப்பி கலக்கிக்கொண்டு, சமையலறைச் சன்னலோரம் ஒரு முக்காலியில் உட்காருவார். கோப்பியைச் சாசரில் ஊற்றி, மேலே மிதக்கும் நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிக் குமிழி உடைந்த பிறகுதான் உதட்டில் வைப்பார். கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து நனைப்பார். அது கரைந்து விழுவதற்கு ஒரு கணம் முன்பு எடுத்து வாயில் போடும் கணக்கு அவர் விரலுக்குத் தெரியும். வானொலியில் பக்திப் பாடல் தொடங்கும் வரை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. சில நாள்களில் நான் விழித்துக்கொண்டு போய் அவர் மடியில் தலைவைத்துப் படுப்பேன். "ஏன் பாட்டி இவ்ளோ சீக்கிரம் எழுந்துக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "இந்நேரத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க பாப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் என்னை அழைத்துக்கொண்டு ஃபெரியில் தீவுக்குப் போவார். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, லிட்டில் இந்தியாவில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஒரு கிண்ணம் செண்டோலை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஆனால் அவர் போனது கோயிலுக்காகவா ஃபெரிக்காகவா என்று எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு. மேல்தளத்தில், பாலம் தெரியும் பக்கமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். "மிஷின் ஓடுறது காலு வழியா ஏறுது பாரு" என்பார். கடைசிக் காலத்தில் கட்டணம் 1 வெள்ளி 20 சென். தீவுக்குப் போகும்போது மட்டுமே வாங்குவார்கள், திரும்பி வருவது இலவசம். "போறதுக்குத்தான் காசு, வீட்டுக்கு வர்றதுக்குக் காசே இல்ல" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லிச் சிரிப்பார். நான் பெரியவளாகி வேலைக்குப் போன பிறகும் மாதத்தில் ஓரிரண்டு ஞாயிறு அப்படிப் போனோம். நான் வர முடியாத வாரங்களில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு போய்வருவார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு பழைய ஃபெரிகளில் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஓடிய வேகப் படகில் ஏறப் பாட்டிக்குப் பயம். முழங்கால் வலியும் கூடிவிட்டது. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்தபோது, "ஃபெரி வந்துடுச்சாமே, ஒரு நாள் போவோமா?" என்று கேட்டார். நான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி முடியட்டும் பாட்டி என்றேன். பிறகு பள்ளி விடுமுறை வரட்டும் என்றேன். தைப்பூசம் கழித்து நிச்சயம் என்றேன். தைப்பூசம் கழிந்த ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, நான்கரை மணிக்கு அவர் எழவில்லை.

இறப்புக்கு வந்த எல்லாரும், "86 வயசு, பேரன் பேத்தி கொள்ளுப்பேத்தி வரைக்கும் பார்த்துட்டாங்க, இது கல்யாணச் சாவு, அழக்கூடாது" என்றார்கள். பாட்டி என்பவர் நெருங்கிய உறவினர் பட்டியலில் இல்லை என்று அலுவலகத்தில் துக்க விடுப்புத் தரவில்லை. என் ஆண்டு விடுப்பில் இரண்டு நாள் எடுத்தேன். கருமக்கிரியை நடந்த பதினாறாம் நாளன்றும் காலை ஷிப்டு பார்த்துவிட்டுத்தான் போனேன்.

இந்த ஆண்டுத் திதிக்குப் படையல் போடும்போது, "பாட்டிக்குப் பிடித்தது என்ன வைக்கலாம்?" என்று கேட்டேன். பெரிய மாமா, "அம்மாவுக்குன்னு என்ன பிடிக்கும்? எங்களுக்குப் போட்டது போக மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டாங்க. தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்ல. அவங்க தெய்வம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோழிக்கறி, வடை, பாயசம் என்று வழக்கமானவற்றை வைத்துக் கும்பிட்டோம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தனக்கென்று எதையும் கேட்காத ஒருவர் வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் செய்யவில்லை.

அன்றிலிருந்து நான்கரை மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது. சாசர் உரசும் சத்தம் கேட்பதுபோலவும் கோப்பி மணப்பதுபோலவும் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பூசாரியிடம் கயிறு கட்டிக்கொள் என்கிறார் கணவர். பாட்டியின் பிஸ்கட் டின் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை இன்னும் திறக்கவில்லை. பள்ளி விடுமுறையில் ஃபெரியில் போகலாம் என்று மகள் கேட்டபோது காரணமில்லாமல் அவளைத் திட்டிவிட்டேன். பாட்டியைப் பற்றி அவள் கேட்டாலும் தொண்டை அடைத்துப் பேச்சை மாற்றிவிடுகிறேன். வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், தோழிகளோடு சிரிக்கவும் செய்கிறேன். ஆனால், வாழ்க்கை முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிட்டு ஒன்றையும் அனுபவிக்காமல் போனாரே என்ற எண்ணம் வரும்போது, நான் சிரித்ததே தவறு என்று தோன்றுகிறது. இது நோயா? இதிலிருந்து நான் எப்படி வெளியே வருவது?

இப்படிக்கு,
ஒரு பேத்தி, பட்டர்வொர்த்


ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் பாட்டியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஓராண்டு கடந்த பிறகு அனுதாபம் சொல்வது தாமதம்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இதுவரை அதை உங்களிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

உங்களைப் பயமுறுத்தும் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். விடியற்காலையில் சத்தம் கேட்பதும் கோப்பி மணப்பதும் மூளைக் கோளாறும் அல்ல, ஆவியும் அல்ல. 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த ஏறக்குறைய முந்நூறு பேரிடம் பேசியபோது, அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொல்லாதவர்கள். இரவின் பின்பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம். தூக்கம் கலையும் அந்த நேரத்தில், ஐந்து வயது முதல் உங்கள் காதும் மூக்கும் பழகிய சத்தமும் மணமும் எழுந்து வருவதில் வியப்பில்லை. கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார். கயிறு கட்டிக்கொண்டால் அவர் மனம் ஆறும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களைப் பிடித்திருக்கும் எதையோ விரட்டுவதற்காக என்று எண்ணிக் கட்டாதீர்கள். அது உங்கள் பாட்டியின் கோப்பி மணம், அதை விரட்டுவானேன்?

அடுத்தது, அந்தக் கல்யாணச் சாவு. நிறைவாழ்வு வாழ்ந்தவரை மேளதாளத்தோடு வழியனுப்பும் நம் வழக்கத்தில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஊர் சொல்லும் சொல். மடியில் தலைவைத்துப் படுத்த பேத்திக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? பாட்டியின் வயது 86 என்பதால் உங்கள் இழப்பு 86-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதில்லை. உங்களுக்கு அவர் பெற்றெடுக்காத தாய். ஊரோ அலுவலகமோ இழப்பென்றே ஒப்புக்கொள்ளாத இழப்பை, கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் அங்கீகரிக்கப்படாத துயரம் என்று வகைப்படுத்தினார். அழுவதற்கு உரிமையில்லாத துயரம் நெடுநாள் தங்கும் என்பது, கோலாலம்பூரில் என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது. தனியார் துறையில் துக்க விடுப்பு மலேசிய வேலைச் சட்டத்தில் கட்டாயமாக்கப்படவில்லை. யாருக்கு எத்தனை நாள் என்பதை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. பாட்டி வளர்த்த பிள்ளைகள் நம் சமுதாயத்தில் எத்தனை ஆயிரம் பேர் என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினாறாம் நாள் நீங்கள் ஷிப்டு பார்த்துவிட்டுப் போனது அன்புக் குறைவால் அல்ல.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பாட்டி ஒன்றையும் அனுபவிக்காமல் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு முன்னால் நீங்களே எழுதிய பக்கங்கள் அதை மறுக்கின்றன.

அந்த நான்கரை மணியை எடுத்துக்கொள்வோம். நானும் சிலாங்கூரில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்த நேரத்தின் பொருளை ஓரளவு அறிவேன். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் தோட்டத்து மக்களின் விடியற்காலை அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது மரத்துக்கும் பிரட்டு மணிக்கும் கங்காணியின் குரலுக்கும் உரியது. உங்கள் பாட்டியை நாற்பது ஆண்டுகளாக அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்: பசித்த பிள்ளை, பிரட்டு மணி, நிரை பிடித்துக் காத்திருந்த மரங்கள். வேலையை விட்ட பிறகு அவர் ஏழு மணி வரை தூங்கியிருக்கலாம். அவரோ அதே நான்கரை மணிக்கு எழுந்து, இம்முறை ஒரு வேலையும் செய்யாமல், குமிழி உடைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கத்தோஷம் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். "இந்நேரத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க பாப்பா" என்று உங்களிடம் சொன்னாரே, அந்தச் சொல்லில் நான் கேட்பது வேறு. தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு பொழுதை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். 1992 முதல் 2024 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அதை அனுபவித்தார். அந்த நேரத்தில் தன் மடிக்கு வர ஒரே ஒருவருக்குத்தான் இடம் கொடுத்தார். அது நீங்கள்.

மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்திலேயே மிகப் பெரிய செய்தி அதுதான். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டமெங்கும் மக்கள் அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். அப்பாவைச் சயாமுக்குக் கொடுத்த வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையாக அதைத் தின்றவர், பிற்பாடு ஒரு துண்டுகூடத் தொடாமல் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வாழ்ந்தார். "மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டாங்க" என்று மாமா சொல்வது முழு உண்மையாக இருந்தால் இது எப்படி நடந்தது? இது எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, இது எனக்கு வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வேண்டியதைப் பெரிதாகக் கேட்காமல், கைக்கு எட்டும் இடத்தில் பார்த்து வைத்துக்கொண்டார்: ஒரு சாசர் கோப்பி, இரண்டு முழம் மல்லிகை, 1 வெள்ளி 20 சென் கடல்.

இவற்றைச் சொல்வதால் அவருடைய உழைப்பை நான் சிறிதாக்குவதாக நினைத்துவிடாதீர்கள். அடகுக் கடையில் போன தோடு உண்மை. இருட்டில் சுமந்துபோன பிள்ளைகள் உண்மை. குடும்பத்துக்காக வாழ்ந்ததும், தனக்கென்று ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டதும் ஒரே பெண்மணிதான். தெய்வம் என்ற சொல்லைப் பிள்ளைகள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கவலை உண்டாகும். தெய்வத்துக்குக் கால் குறுகுறுப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஃபெரியின் அதிர்வை உள்ளங்காலில் வாங்கிக்கொண்ட உங்கள் பாட்டியை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

மாமாவின் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை; இருந்தால் அது இயல்பே. நான் அவரைச் சந்தித்ததில்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தாயின் தோட்டை அடகு வைத்த பணத்தில் படித்த மூத்த மகனின் இடத்தில் நின்று பாருங்கள். அம்மாவுக்கு ஆசைகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டால், அவற்றில் எத்தனை தனக்காக விட்டுக்கொடுக்கப்பட்டன என்று அவர் எண்ணவேண்டி வரும். அம்மாவுக்கு எதுவுமே பிடிக்காது என்று நம்புவது அவருக்கு ஓர் ஆறுதலாக இருக்கலாம். உங்கள் குற்றவுணர்வும் அவருடைய புகழ்ச்சியும் ஒரே கடனிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த ஒரு பயணத்துக்கு வருவோம். அது தவறிப்போனது. பரவாயில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர் கேட்டார், நீங்கள் தள்ளிப்போட்டீர்கள், காலம் காத்திருக்கவில்லை. இந்த வருத்தம் உங்களோடு இருக்கும். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். 1992 முதல் 2020 வரை இருபத்தெட்டு ஆண்டுகள். மழை, காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று கழித்தாலும் அவர் அந்தக் கடலை ஆயிரம் முறையாவது கடந்திருப்பார். அவற்றில் பலவற்றில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்ற ஐந்து பிள்ளைகளிடமும் தனக்கென்று ஒன்றையும் கேட்காதவர் உங்களிடம் கேட்டார். ஏன்? உங்களிடம் மட்டும் அவர் தியாகியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கேட்கலாம் என்ற உரிமையை அவருக்கு உண்டாக்கியது உங்கள் அன்பு. நீங்கள் செய்யத் தவறியதை நினைக்கும்போதெல்லாம், அவர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டார் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

இது நோயா என்று கேட்டீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட திருத்தக் கையேட்டில் நீடித்த துயரக் கோளாறு என்ற ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. இறப்பு நேர்ந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த ஒரு மாதமாக ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைவோ ஆளை ஆட்டிப்படைக்க வேண்டும். அதோடு, வாழ்க்கைக்கே பொருளில்லை என்ற உணர்வு, மரத்துப்போன மனம், நினைவூட்டுகிறவற்றைத் தவிர்ப்பது போன்ற அறிகுறிகளில் மூன்றாவது இருந்து, அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சிரிக்கவும் செய்கிறீர்கள் என்பதால், கடிதத்தை வைத்து நான் அந்தப் பெயரைச் சூட்டமாட்டேன். ஆனால் ஃபெரியையும் பிஸ்கட் டின்னையும் மகளின் கேள்வியையும் நீங்கள் தவிர்க்கிறீர்கள் அல்லவா, அது வளரக்கூடியது. தூக்கம் கெட்டு, உணவு வெறுத்து, அவரோடு போய்விட்டால் என்ன என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. நேரில் பேச வேண்டுமென்றால், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

ஃபெரிக்கு உடனே போகச் சொல்லமாட்டேன். முதலில் ஒரு ஞாயிறு காலை மகளோடு பட்டர்வொர்த் படகுத்துறை வரை சென்று, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள். மறு வாரமோ அதற்கு அடுத்த வாரமோ ஏறலாம். புதிய ஃபெரி பழையது போல் இருக்காது. அது ஏமாற்றம் தந்தால் அந்த ஏமாற்றத்தையும் மகளிடம் சொல்லுங்கள். கொள்ளுப்பாட்டி எந்தப் பக்கம் உட்காருவார், ஏன் செருப்பைக் கழற்றினார் என்று சொல்லுங்கள். தொண்டை அடைத்தால் அடைக்கட்டும்; அழுதுகொண்டே சொல்லலாம். ஏழு வயதுப் பிள்ளை அம்மாவின் கண்ணீரைத் தாங்கும். காரணம் தெரியாத திட்டைத்தான் அதனால் தாங்க முடியாது. பிஸ்கட் டின்னை நான்கரை மணிக்குத் தனியாகத் திறக்க வேண்டாம். உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது பகலில் திறங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மறுபடியும் படையல் போடுவீர்கள். நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள்: சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும், குடித்தவருக்கு ஒரு போத்தல் ஸ்டவுட்டும் இலையோரம் வைக்கிறோம். இறந்தவர் எவ்வளவு உழைத்தார் என்று அந்த இலை கேட்பதில்லை. அவர் நாக்குக்கு எது பிடித்தது என்று மட்டும் கேட்கிறது. இறந்தவரை மனத்திலிருந்து விலக்கினால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையில் சொல்லிவந்தார்கள்; உறவு வேறு வடிவில் தொடர்வதே இயல்பு என்று 1990-களில்தான் அதைத் திருத்திக்கொண்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் இலை போட்டு அதைத்தான் செய்துவந்தார்கள். இம்முறை கோழிக்கறிக்குப் பக்கத்தில் ஒரு சாசரில் கோப்பி ஊற்றி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, இரண்டாக உடைத்த கிரீம் கிரேக்கரை வையுங்கள். இரண்டு முழம் மல்லிகையும் வையுங்கள். யாராவது ஏன் என்று கேட்பார்கள். அப்போது ஃபெரியைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், பெரிய மாமாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தோட்டத்தைப் பற்றியோ தோட்டைப் பற்றியோ வேண்டாம். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தபோது, தம்பி தங்கைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த அம்மா, ஆயாக் கொட்டகை வரும்வரை என்ன பேசிக்கொண்டு வருவார் என்று கேளுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த பாட்டி அங்கே இருக்கிறார். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர், கோலாலம்பூர்